மகிழ மரமா, தொட்டித் தாமரையா

786
வண்டியூர், மதுரை
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுத பின்

அன்பு மகள் ரூபினாவுக்கு உன் அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையால் நானும் உன் அம்மாவும் தம்பி முபீனும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், அந்த கிளாஸ்கோ குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் அண்டாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் உங்கள் பேரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் எழுந்திருக்கிறோம். தினமும் போனில் முகம் பார்க்கிற காலத்தில் அத்தா எதற்குக் காகிதத்தை எடுத்தார் என்று பதறாதே, நல்ல செய்திதான், பேனா கையில் நிற்காத அளவுக்கு நல்ல செய்தி. போன செவ்வாய்க்கிழமை உன் அம்மா மூக்கைப் பொத்தினாள். இதில் என்ன நல்லது என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் இத்தனை தாள். போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா விடமாட்டேன் என்கிறாள், நீ அழுவாயாம், நீ அழுதால் அவள் அழுவாளாம், அதனால் நீங்க எழுதிடுங்க, புள்ள தனியா உக்காந்து படிச்சுட்டு அப்புறம் பேசட்டும் என்று சொல்லிவிட்டாள். முபீன் இதைப் படம் எடுத்து இன்றைக்கே அனுப்புவான், நான் தபாலிலும் போடுவேன், இரண்டும் வந்து சேர்ந்ததா என்று சொல்.

தோட்டத்துச் சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன், உனக்குப் பாதி தெரிந்ததுதான். சிம்மக்கல் சந்தில் வாடகைக்கு இருந்த காலமெல்லாம் நமக்கு மண் என்றால் மாடிப்படியில் இருந்த பூந்தொட்டி மண்தான். இந்த வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டிய அன்றைக்கே உன் அம்மா பின்பக்கம் மேற்கு மூலையில் காலாலேயே ஒரு வட்டம் போட்டு, இங்கே மகிழ மரம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். எனக்கோ அதே இடத்தில் ஒரு தாமரைத் தொட்டி வைக்க வேண்டும் என்று பல வருஷத்து ஆசை. பின்பக்கம் நல்ல வெயில் விழுகிற இடம் அந்த ஒரு மூலைதான், மற்றதெல்லாம் பக்கத்து வீட்டு மாடி நிழல். தாமரைக்கு அரை நாளாவது நேர் வெயில் வேண்டும், மரம் வந்து நின்றால் வெயில் போச்சு, உதிர்கிற இலையும் தண்ணீரில் விழுந்து அழுகும், ஆக ஒன்று இருந்தால் இன்னொன்று இல்லை. அத்தர் கடைக்காரர் மணக்கிற மரத்தைத்தானே கேட்பார் என்று நீ அன்றைக்குப் போனில் சிரித்தாய். மிட்டாய்க் கடைக்காரன் வீட்டுக்குப் போய் மிக்சர்தானம்மா தின்பான். காலையில் கடை திறந்ததிலிருந்து ஜவ்வாதும் கஸ்தூரியும் ஊது அத்தரும் என் சட்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கின்றன, வீட்டுக்கு வந்தால் வாசனை இல்லாமல் கண்ணுக்கு மட்டும் ஒரு பூ இருந்தால் போதும் என்று தோன்றுகிறது எனக்கு.

உன் அம்மா பக்கத்து நியாயத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். மகிழ மரத்துக்கு இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது, சித்திரை வெயிலில் ஊரே காய்ந்து கிடந்தாலும் அது மட்டும் கரும்பச்சையாக நிற்கும், வேர் பிடித்துவிட்டால் தண்ணீர் கேட்காது, நிழல் என்றால் அப்படி ஒரு அடர்த்தி. பூ சட்டைப் பித்தான் அளவுதான், ஆனால் விடியற்காலையில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கிப் பீரோவில் போட்டால் காய்ந்து சருகான பிறகும் மாசக்கணக்கில் மணக்கும், மல்லிகைக்கு அந்தப் பொறுமை கிடையாது. குறை என்று பார்த்தால் வளர்த்திதான். வைத்த கன்று வளர்கிறதா இல்லையா என்று பக்கத்தில் குச்சி நட்டுத்தான் பார்க்க வேண்டும், பூப்பதற்கு ஐந்தாறு வருஷம் ஆகும், பழுத்த இலை தினமும் கொஞ்சம் விழும், கூட்டுகிற வேலை ஓயாது. என் தாமரைக்கு அந்த வழவழா இல்லை. இப்போது கிழங்கு வைத்தால் சில வாரத்தில் இலை மேலே வந்து விரியும், கோடை முடிவதற்குள் பூத்துவிடும், காலையில் விரிந்து வெயில் ஏறக் கூம்பும், இலை மேல் தண்ணீர் உருண்டு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு டம்ளர் டீ குடிக்கலாம். குறை இதற்கும் உண்டு. கொசு வரும், அதற்குக் கப்பி மீன் விட வேண்டும், மழைக்காலத்தில் இலையெல்லாம் கருகித் தொட்டி வெறும் சகதியாகக் கிடக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை அந்தச் சகதியில் கையை விட்டு அள்ளி மாற்ற வேண்டும். இதையெல்லாம் மாதக்கணக்கில் நாங்கள் இருவரும் சோறு தின்னும்போதும் பேசினோம், தெப்பக்குளம் பஸ் ஸ்டாப்பில் நின்றும் பேசினோம். உன்னிடம் கேட்டால் நீ ஜட்ஜு மாதிரி, ரெண்டுல எதுக்கு வேலை கம்மி என்று கேட்டுவிட்டு வழக்கைத் தள்ளிவைத்தாய்.

டிசம்பரில் சுற்றுச்சுவர் வேலை முடிந்தது. கொத்தனார் சாமானைக் கட்டிக்கொண்டு போன அன்றைக்கே உன் அம்மா டீயைக் கையில் கொடுத்து, தாமரையே வைங்க, மரம் வேணாம், யாரு கூட்டிக்கிட்டுக் கெடக்குறது என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன், உனக்கும் சொன்னேன், நீயும் அத்தா ஜெயிச்சுட்டீங்க என்று கைதட்டுகிற பொம்மையெல்லாம் அனுப்பினாய். ஆனால் உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது ரூபினா. நெத்திலிக் குழம்புக்கு மாங்காயா புளியா என்பதில்கூட நிக்காஹ் ஆன நாளிலிருந்து இன்றுவரை விட்டுக்கொடுக்காதவள் உன் அம்மா. வானம் தோண்டும்போதே வட்டம் போட்ட மரத்தை ஒரு டீயோடு விட்டுவிட்டாள் என்றால் எங்கேயோ இடிக்கிறதே என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர கேட்கவில்லை, கரும்பு தின்னக் கூலியா என்று கிணற்று உறை ஒன்று வாங்கி அடிப்பக்கம் சிமெண்ட் போட்டு அந்த மூலையில் தொட்டி ஆக்கிவிட்டேன். சோழவந்தான் பேயாண்டிக்கும் சொல்லிவிட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறவன், சிம்மக்கல்லுக்கு வெற்றிலைக் கட்டு கொண்டுவருகிற நாளிலெல்லாம் நம் கடையில் ஒரு ஜவ்வாது டப்பா வாங்காமல் போகமாட்டான். அவன் ஊர்ப்பக்கத்துக் கண்மாயில் தாமரை மண்டிக்கிடக்கிறது. கிழங்கும் வண்டல் மண்ணும் நானே கொண்டாரேன் அண்ணே, நீங்க காசு கீசுன்னு பேசுனா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

நம் வீட்டு வழக்கம் உனக்கு மறந்திருக்காது. கடை சாத்தி வரும்போது ஏதாவது ஒரு அத்தரைச் சின்னக் குப்பியில் எடுத்துவந்து உன் அம்மா மணிக்கட்டில் ஒரு சொட்டுத் தடவுவேன், அவள் முகர்ந்து என்ன என்று சொல்ல வேண்டும். தப்பியதே இல்லை. சந்தனம் என்று சொல்லி நிறுத்தமாட்டாள், போன தடவை வந்த சரக்கு இதைவிட நல்லா இருந்துச்சு என்பதுவரை சொல்வாள். கடையில் உட்கார்ந்திருப்பவன் நான் என்றாலும் மூக்கு அவளுடையது, எனக்குச் சந்தேகம் வந்த சரக்கை அவளிடம் காட்டாமல் வாங்கியதில்லை. அக்டோபர் மழையில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்ததே, ஒரு வாரம் படுத்திருந்தாளே, அதற்குப் பிறகும் விளையாட்டு நடந்துகொண்டுதான் இருந்தது, அவளும் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன, பால் இரண்டு மூன்று தடவை அடிப்பிடித்துக் கருகியது, ஒருநாள் கெட்டுப்போன தேங்காய்ச் சட்னியை எனக்கு வைத்துவிட்டாள். ரீல்ஸ் பார்த்துக்கொண்டு அடுப்பை விட்டுவிடுகிறாள் என்று நானும் முபீனும் கேலி பேசினோம், அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை கடை சாத்தப்போகிற நேரம். கஸ்தூரிக் குப்பியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டேன். அந்த நேரம் பார்த்து மகிழம்பூ அத்தர் கேட்டு ஒருவர் வந்தார், புதுச் சரக்கைப் பிரித்ததும் அப்படி ஒரு வாசம், உன் அம்மா பாவம் மரத்தைத்தான் விட்டுவிட்டாள், பூவையாவது கொண்டுபோய்க் கொடுப்போம் என்று கஸ்தூரியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு இதைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் வந்து தடவினேன். முகர்ந்து பார்த்தாள், கண்ணை மூடினாள், கஸ்தூரி, நல்ல சரக்கு என்றாள். வேண்டுமென்றே சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். என் சிரிப்பைப் பார்த்து அவள் முகம் ஒருமாதிரி ஆயிற்று, மறுபடியும் மணிக்கட்டை மூக்கில் வைத்து இழுத்து இழுத்து முகர்ந்தாள். அப்போதுதான் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்த உன் தம்பி, நான் கஸ்தூரின்னுதானம்மா போன்ல சொன்னேன், அத்தா மாத்திட்டாரு போல என்றான். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. தினமும் கடை சாத்துகிற நேரத்தில், என்னோடு கடையில் நிற்கிற அவனுக்குப் போன் போட்டு இன்னிக்கு உங்க அத்தா எதை எடுத்தாரு என்று கேட்டு வைத்துக்கொள்வாளாம். அம்மா வெளாட்டுக்குக் கேக்குறாகன்னு நெனச்சேன் என்று அவன் முழிக்கிறான். அவளைச் சோபாவில் உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்தக் காச்சலுக்கு அப்புறம் ஒண்ணுமே தெரியலங்க, கருவாடும் ஒண்ணுதான் பன்னீரும் ஒண்ணுதான் என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்க அம்புட்டு ஆசையாக் கொண்டுவாரீக, ஒண்ணும் தெரியலன்னு எந்த வாயால சொல்லுவேன், நாளைக்கு வந்துரும் நாளைக்கு வந்துரும்னு இருந்தேன் என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. அப்புறம் தானாகவே மரத்துப் பேச்சுக்கு வந்தாள். அது பூத்துக் கொட்டும், தெருவுல போறவுக எல்லாம் ஆகா என்ன வாசம்னு நிப்பாக, நான் மட்டும் வெறும் குப்பையா அதைக் கூட்டி அள்ளணும், தாமரைன்னா கண்ணுதானங்க, அதுல நானும் மத்தவுகளும் ஒண்ணுதான் என்று சொன்னாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்த தாமரை எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் சொன்னதில் இன்னொன்றும் இருந்தது. நோன்பு வந்துகொண்டிருக்கிறது. நோன்பு வைத்துக்கொண்டு கஞ்சியை வாயில் விட்டுப் பார்க்க முடியாது, உப்பு சரியாக இருக்கிறதா, இஞ்சி பூண்டு பச்சை வாசம் போய்விட்டதா என்று ஆவியை முகர்ந்தே சொல்கிறவள் உன் அம்மா. சந்து வீட்டில் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்கள் கஞ்சிச் சட்டியோடு வந்து, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கக்கா என்று வரிசையில் நிற்பார்களே, இங்கே வந்த பிறகும் இரண்டு வீட்டில் அப்படித்தான் வருகிறார்கள். அவுக முன்னாடி நான் என்ன பண்ணுவேன் என்று அவளுக்குப் பயம். மூக்குப் போனதைவிட அந்தப் பயம்தான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

மறுநாளே அண்ணா நகரில் ஒரு காது மூக்கு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். நல்ல பெண், உன் வயதுதான் இருக்கும். காய்ச்சலில் வாசனை நரம்பு அடிபட்டிருக்கிறது, சிலருக்கு மாதங்களில் திரும்பும், சிலருக்கு ஒன்றிரண்டு வருஷம்கூட ஆகும், முழுதாக வருமா என்று இப்போது சொல்ல முடியாது, காலையும் மாலையும் கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் தைலம் நான்கையும் வரிசையாக முகர்ந்து பார்க்க வேண்டும், எதுவும் தெரியாவிட்டாலும் அந்த வாசத்தை மனசில் நினைத்துக்கொண்டே முகர வேண்டும் என்றார். நான் ஆசையில் கடையிலிருந்து ஒரு பெட்டி நிறைய அத்தர் கொண்டுவந்து அடுக்கினேன், டாக்டரம்மா போனில், நாலு போதும் ஐயா, கடையவே வீட்டுக்குக் கொண்டுவராதீங்க என்று சிரித்தார். உன் அம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தவறாமல் உட்கார்ந்து முகர்ந்தாள். நான் அவள் முகத்தையே பார்ப்பேன், அவள் தலையை ஆட்டுவாள். ஒரு சாயங்காலம், நீங்க எம்மூஞ்சியப் பாக்காதீங்க, பரிச்சை மாதிரி இருக்கு என்று என்னை வெளியே அனுப்பிவிட்டாள். வாரங்கள் போயின, ஒன்றும் வரவில்லை. நீ போனில் அம்மா ஏன் டல்லா இருக்காங்க என்று கேட்டது அந்த நாட்களில்தான், முட்டி வலி என்று சொல்லிச் சமாளித்தோம்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். தெப்பத் திருவிழாக் கூட்டம் எல்லாம் வடிந்து பஸ் பழைய வழியில் போக ஆரம்பித்திருந்தது, பேயாண்டி குட்டியானை வண்டியில் இரண்டு சாக்கு வண்டலும் ஈரக் கோணியில் சுற்றிய தாமரைக் கிழங்கும் கொண்டுவந்து இறக்கினான். போன வாரமே அள்ளி மக்குன சாணியும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து கட்டி வச்சுட்டேன் அண்ணே, வர நேரம் வாய்க்கல, கொஞ்சம் புழுங்கிப் போச்சு என்றான். கொஞ்சமா. சாக்கின் வாயை அவிழ்த்தவுடன் நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். மழை பெய்த மண் வாசத்தையே அத்தராக்கிக் குப்பியில் விற்கிறவன் நான், ஆனால் இந்த மண்ணை எவனும் எந்தக் குப்பியிலும் அடைக்கமாட்டான். அழுகிய முட்டையும் செத்த மீனும் சாக்கடையும் சேர்ந்த ஒரு நாற்றம். பேயாண்டி லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு சகதியை அள்ளித் தொட்டியில் போடுகிறான், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாக்கைப் பிடிக்கிறேன். அப்போது உன் அம்மா இரண்டு டம்ளர் டீயோடு பின்வாசலுக்கு வந்தாள். வந்தவள் நிலைப்படியிலேயே நின்று, முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, ச்சீ, என்னங்க இது இம்புட்டு நாத்தம், எலி கிலி செத்துக் கெடக்கா என்றாள்.

இந்த இடத்தில் உன் அத்தாவின் புத்தியைப் பார். எலியெல்லாம் இல்ல, கண்மாய்ச் சகதி அப்படித்தான் இருக்கும், தண்ணி ஊத்துனா அடங்கிரும் என்று நான் பாட்டுக்குத் தாமரைக்குப் பரிந்து பேசிக்கொண்டிருக்கிறேன். அவளும் விடாமல், அடங்குற நாத்தமா இது, அக்கம்பக்கம் சண்டைக்கு வரும், முதல்ல இதைத் தூக்கிப் போடுங்க என்கிறாள். நான் பதிலுக்கு உன் மரம் மட்டும் என்ன என்று வாயைத் திறந்தவன் பாதியில் நின்றுவிட்டேன். அவளும் நின்றுவிட்டாள். பேயாண்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்ன அண்ணே, அக்காவுக்குக் கோவமா, வேணும்னா திரும்ப ஏத்திக்கிறேன் என்கிறான். உன் அம்மா டீயைப் படியில் வைத்துவிட்டு மெல்ல இறங்கி வந்தாள். முந்தானையை எடுத்துவிட்டுத் தொட்டிக்கு நேராகக் குனிந்து ஒரு இழுப்பு இழுத்தாள் பார், நானாக இருந்தால் வாந்தி எடுத்திருப்பேன். அல்ஹம்துலில்லாஹ், நாறுதுங்க, நாறுதுங்க என்று சொல்லிக்கொண்டே தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், வெட்கமாக இல்லை. விஷயத்தைச் சொன்னதும் பேயாண்டி சகதிக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு முகமெல்லாம் சேறாக நின்றான், அதைப் பார்த்து உன் அம்மா அழுகையோடு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அப்படி அவள் சிரித்து மாதக்கணக்கில் ஆயிற்று.

உடனே உள்ளே ஓடி மகிழம்பூ அத்தரைக் கொண்டுவந்து காட்டினேன். ஒன்றும் இல்லை. கிராம்பு இல்லை, ரோஜா இல்லை, தைலமும் இல்லை. நாற்றம் மட்டும்தான். என் முகம் விழுந்துவிட்டது, ஆனால் உன் அம்மாவுக்கு விழவில்லை. கதவு தொறந்துருச்சுங்க, யாரு முதல்ல வந்தா என்ன என்றாள். டாக்டரம்மாவும் போனில் அதையேதான் சொன்னார், சிலருக்குக் கெட்ட வாசம்தான் முதலில் தெரியும், இது நல்ல அறிகுறி, முகர்வதை விடாதீர்கள், ஆனால் அவசரப்படவும் வேண்டாம் என்றார். மறுநாள் காலையில் குப்பை வண்டி போனதைச் சமையலறைக்குள் இருந்துகொண்டே சொன்னாள். நேற்று முபீனின் காலுறையைக் கண்டுபிடித்துவிட்டாள், அவன்தான் பாவம், வீட்டுக்குள் வந்தவுடன் குளிக்கப் போக வேண்டியிருக்கிறது. நல்ல வாசனையில் இன்னும் ஒன்றும் வரவில்லை. ஒன்று மட்டும், நேற்று கிராம்பை முகர்ந்துவிட்டு, ஒறைப்பா என்னமோ இருக்கு, இருக்கா இல்லையான்னு தெரியல என்றாள். அந்த இருக்கா இல்லையாவுக்கே நான் கடையில் எல்லாருக்கும் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தேன்.

இனி தோட்டச் சண்டையின் மிச்சத்தைக் கேள். புதன்கிழமை கடைக்குப் போகாமல் நர்சரிக்குப் போய் இடுப்பு உயரத்தில் ஒரு மகிழங்கன்று வாங்கிவந்துவிட்டேன். தொட்டியை உடைத்துவிட்டு அந்த மூலையில் மரத்தை வைப்போம், நீ ஆசைப்பட்டது அதுதானே என்றேன். உன் அம்மா தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். தொட்டி மேல கை வச்சீங்கன்னா தெரியும், எனக்கு நாத்தம் காட்டிக் கொடுத்தது அதுதான், தாமரை எங்கயும் போகாது என்கிறாள். இப்போது நான் மரத்தின் கட்சி, அவள் தாமரையின் கட்சி. மகிழத்தின் அருமை பெருமையெல்லாம் நான் அடுக்குகிறேன், நான் முன்பு சொன்ன குறைகளையே அவள் எனக்குத் திருப்பிச் சொல்கிறாள், பூக்க ஐந்தாறு வருஷம் ஆகுமே, யார் கூட்டுவது என்கிறாள். முபீன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கடைசியில் அவள்தான் கேட்டாள், இந்தக் கன்னு வளந்து அந்தத் தொட்டிமேல நெழல் விழ எம்புட்டு வருசம் ஆகும் என்று. எட்டு வருஷமாவது ஆகும் என்றேன். அப்ப எட்டு வருசம் கழிச்சு வர வேண்டிய சண்டைய இப்ப ஏங்க போட்டுக்கிட்டு இருக்கோம் என்றாள். மாதக்கணக்காக இருவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோமே, இது யாருக்கும் தோன்றவில்லை பார். தொட்டிக்கு ஐந்தாறு முழம் தள்ளிச் சுவரோரத்தில் கன்றை வைத்துவிட்டோம், குழியில் முதல் பிடி மண்ணை அவள்தான் போட்டாள். மரம் பூக்க அஞ்சாறு வருசம், என் மூக்கு வர ரெண்டு வருசம்னாலும் நான்தான் முந்துவேன் என்று கன்றிடமே சொன்னாள். தொட்டியில் தண்ணீர் நிறைத்துக் கப்பி மீனும் விட்டாயிற்று, நாற்றம் முக்கால்வாசி அடங்கிவிட்டது, கிழங்கில் ஒரு முளை ஊசி மாதிரி தெரிகிறது.

நோன்புக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. அதற்குள் கஞ்சி வாசம் வருமா தெரியாது, ஆண்டவன் நாட்டம். வராவிட்டாலும் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் மறைக்கப் போவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டாள். நேத்து வரைக்கும் நான் பாத்துச் சொன்னேன், இந்த வருசம் நீங்க எனக்குப் பாத்துச் சொல்லுங்கடி என்று சொல்லிவிடுவாளாம். எனக்கு அதைக் கேட்டபோதுதான் நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. நீ செய்ய வேண்டியது ஒன்றுதான், போனில் அம்மாவிடம் அது வந்துச்சா இது வந்துச்சா என்று தினமும் விசாரிக்காதே, அவளாகச் சொல்லும்போது கேட்டுக்கொள். பாவம் என்கிற தொனியில் பேசிவிடாதே, அவளுக்குப் பிடிக்காது, முன்பு மாதிரியே சண்டை போடு. உனக்கும் சொல்கிறேன், சளிக் காய்ச்சல் என்று வந்தால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடாதே, இரண்டு நாள் படுத்துக் கஞ்சி குடி, மாப்பிள்ளையிடம் மறைக்காதே. எந்த வலியையும் மறைக்காதே அம்மா, உன் அம்மாவின் பிடிவாதம் அப்படியே உன்னிடம் இருக்கிறது என்பதால்தான் பயப்படுகிறேன். ஐந்து வேளையில் ஒன்றும் விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு, தலையில் குல்லா இல்லாமல் பனியில் இறங்காதே. பெருநாளுக்கு லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வழியாகப் பின்பக்கம் தெரிகிறது. உன் அம்மா கொடியில் துணி எடுக்கப் போனவள், துணியைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறாள். நான் பார்ப்பது தெரியாது. தொட்டிப் பக்கம் போய், கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி சகதியைக் கிளறி எடுத்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோகிறாள். முகத்தைச் சுளிக்கிறாள். கையைக் கழுவிவிடுவாள் என்று பார்த்தேன், கழுவவில்லை, மறுபடியும் முகர்கிறாள்.

நான் கூப்பிடப் போவதில்லை, நின்று முகரட்டும். ஆண்டவன் உனக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும் குறையாத சுகமும் கொடுப்பானாக, உங்கள் கைக்கு எட்டுவதிலெல்லாம் பரக்கத் செய்வானாக, ஆமீன். மாப்பிள்ளைக்கு என் ஸலாம் சொல். கடிதம் கிடைத்ததும் அம்மாவுக்குப் போன் போடு, என்னிடம் அப்புறம் பேசலாம்.

உன் அன்பு அத்தா,
சேக் மைதீன்